விதி தமிழிலே, விலக்கு ஆங்கிலத்திலா?

யாழ்ப்பாணத்துப் படித்தோரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் தீர்ப்பு ஒன்று உண்டு. க.பொ.த. உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கலாம். அதற்கு மேலே தமிழ் தாங்காது என்பதே அத்தீர்ப்பு. இதனைக் கூறுவோர் தமிழ்ப் பகைவர் அல்லர். அவருட் பலர் விழா மேடையிலே தமிழின் தொன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வல்லவர். மறுநாட் காலை விரிவுரை மண்டபத்துள் நுழையும்போது அத்தொன்மையை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டுச் செல்கின்றனர்.

இவர்கள் தமது கட்சியை நிறுவுதற்கு எடுத்துக்காட்டும் பொருள்கள் பெரும்பாலும் ஒரே வகையின. உயர் வெப்பநிலையில் இயங்கும் கலப்புலோகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது, அவற்றின் பளிங்குகள் எத்திசை நோக்கி அமைந்துள்ளன என்பது உராய்வை எவ்வாறு மாற்றுகின்றது என்னும் வினா அத்தகையது. "இதனைத் தமிழிலே சொல்லுங்கள், பார்ப்போம்" என்பர். கூடவே சிரிப்பும் எழும். சிரிப்பு ஒரு வாதமன்று. ஆயினும் வினா நல்ல வினா; அதனையே எடுத்து ஆராயின் பழுது எங்கே இருக்கின்றது என்பது புலப்படும்.

குடாநாட்டில் உயர்தரப் பௌதிகவியல் கற்கும் மாணவன் ஒருவனிடம் உராய்வைப் பற்றிக் கேட்டால் அவன் தடுமாறான். எல்லை உராய்வு செவ்வன் மறுதாக்கத்துக்கு விகிதசமமானது; அது தொடுபரப்பின் அளவிலே தங்கியிருப்பதில்லை; உராய்வுக் குணகம் தொடும் பரப்புகளின் தன்மையில் மாத்திரமே தங்கியுள்ளது. இம்மூன்று வாக்கியங்களையும் அவன் உறக்கத்திலும் ஒப்புவிப்பான். முதலிரண்டையும் 1699இல் பிரான்சிய அறிஞர் அமொந்தன் வெளியிட்டார் என்பதோ, அடுத்த நூற்றாண்டிற் கூலோம் அவற்றை விரிவாகச் சோதித்தார் என்பதோ அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதற்குப் புள்ளி இல்லை. 1971இல் தொடங்கிய தரப்படுத்தல் பல்கலைக்கழக அனுமதியைப் புள்ளிக் கணக்கின் பெரும்போராக மாற்றிய பின்னர், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் என்பது வினாத்தாளுக்கு விடை என்றே பொருள்பட்டது. தனியார் கல்வி நிலையங்களின் ஓலைக் கொட்டில்களில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கியிருந்து பயின்றது அப்பொருளிலேதான். அநீதிக்கு எதிராக உழைத்த அம்மாணவரைக் குறைகூறுதல் தகாது. ஆனால், அந்த உழைப்பு விஞ்ஞானக் கல்வியின் உருவத்தையே மாற்றிவிட்டது என்பதை மறைத்தலும் தகாது.

மேற்சொன்ன விதிகள் பொய்யல்ல. தோராயமாக மெய்யானவை. இத்தோராயம் எங்கே முறிகின்றது என்பதிலேதான் உராய்வியல் என்னும் துறை தொடங்குகின்றது. அம்முறிவைக் காண்பதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. சீவுளி பிடித்த தச்சன் எவனும் மரத்தின் நார் ஓடும் திசையைப் பாராமற் கைவைப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரான்சிய இராணுவப் பொறியியலாளராகிய மோறின் என்பார் அளந்து தொகுத்த அட்டவணையில், ஓக்கு மரத்தின்மேல் ஓக்கு மரம் வழுக்குதற்கு ஓர் எண் அன்று, பல எண்கள் உள்ளன. நார்கள் வழுக்கும் திசைக்குச் சமாந்தரமாயின் இயக்கவுராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.48, குறுக்காயின் ஏறத்தாழ 0.34. பொருள்கள் அவையே, தன்மை அதுவே, திசை மாறியது, குணகமும் மாறியது. "தன்மையில் மாத்திரம்" என்னும் பாடநூற் சொற்றொடர் இங்கே உடைந்துபோகின்றது. உடைந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகின்றன.

மரத்துக்கு நார் உண்டு. உலோகத்துக்கு என்ன உண்டு? உலோகம் பளிங்குகளின் கூட்டம். ஒவ்வொரு பளிங்கினுள்ளும் அணுக்கள் ஒழுங்கான சாலகமாக அடுக்கப்பட்டுள்ளன. சில தளங்களில் அவை மிக நெருக்கமாகவும் சில தளங்களில் இடைவிட்டும் அமைகின்றன. உலோகத்தை வளைக்கும்போதோ நசுக்கும்போதோ அது கண்டபடி குலைவதில்லை. நெருக்கமான தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. பழைய ஏட்டுச்சுவடி ஒன்றை மேசைமேல் வைத்து மேலேட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் ஏடுகள் சரியும். சுவடியை நிமிர்த்திவைத்து அதன் விளிம்பில் அழுத்தினால் சரியா. சுவடி ஒன்றே. விசையின் திசைக்கும் ஏட்டின் திசைக்கும் உள்ள உறவுதான் வேறு.

இதற்கும் உராய்வுக்கும் உள்ள தொடர்பைக் கேம்பிரிட்சில் பௌடன், தேபர் என்னும் இருவரும் நடத்திய ஆய்வுகள் தெளிவாக்கின. அவர்களுடைய பெருநூல் 1950இல் வெளிவந்தது. ஒப்பமாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகள் மெய்யாகத் தொடுவது மிகச் சில முனைகளில் மாத்திரமே. கருக்குமட்டை இரண்டை விளிம்போடு விளிம்பாக வைத்தாற் பல்லோடு பல்லே முட்டும். மட்டை மட்டையைத் தொடாது. உலோகமும் அவ்வாறே. மெய்த்தொடுபரப்பு, கண்ணுக்குத் தோன்றும் பரப்பின் மிகச் சிறு பங்கு. அம்முனைகளில் அழுத்தம் மிகுதலால் உலோகம் உலோகத்தோடு ஒட்டி இணைகின்றது. அவ்விணைப்புகளை அறுத்துச் செல்வதற்கு வேண்டிய விசையே உராய்வின் பெரும்பகுதி. தொடுபரப்பின் அளவில் உராய்வு ஏன் தங்குவதில்லை என்னும் வினாவுக்கும் இதுவே விடை: சுமை கூடினால் மெய்த்தொடுபரப்புக் கூடும், தோற்றப்பரப்பு அதற்குப் பொருட்டன்று. இவ்விளக்கத்தை மாணவனுக்குக் கொடாமல் விதியை மாத்திரம் கொடுப்பது, கணக்கின் விடையைக் கொடுத்துக் கணக்கை மறைப்பதற்கு ஒப்பாகும்.

இணைப்பு அறுபடுவது பளிங்கினுள்ளே. அஃது எளிதில் அறுபடுமா, அரிதில் அறுபடுமா என்பதைப் பளிங்கின் அமைப்பும் அதன் திசைகோளும் முடிவுசெய்கின்றன. செம்பின் தனிப்பளிங்குகளைக் கொண்டு செய்த சோதனைகளில், அணுக்கள் மிக நெருங்கியுள்ள தளத்தின்மேல், மிக நெருங்கிய வரிசையின் திசையில் வழுக்கும்போது உராய்வு குறைந்து காணப்பட்டது. வைரத்திலும் இத்தகைய வேறுபாடு உண்டு. அதன் கனமுகம் ஒன்றிலேயே ஒரு திசையிலுள்ள உராய்வு மற்றொரு திசையிலுள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்காகின்றது. வைரம் தீட்டுவோர் எத்திசையில் அது தேயும், எத்திசையில் தேயாது என்பதைக் கையாலே அறிந்துவைத்திருந்தமைக்கும் பளிங்கின் திசையே காரணம்.

கொபாற்றின் கதை இவையெல்லாவற்றிலும் சிறந்தது. சாதாரண வெப்பநிலையிற் கொபாற்று அறுகோணப் பளிங்கமைப்பு உடையது. அதன் அணுத்தளங்கள் வழுக்குதற்கு அடித்தளத்துக்குச் சமாந்தரமான வழியே முதன்மையானது. சுவடியின் ஏடுகளைப் போல. ஏறத்தாழ 420 பாகை செல்சியசில் அதே கொபாற்று முகமையக் கனவுருவாக மாறுகின்றது. இப்புதிய அமைப்பில் வழுக்கும் வழிகள் பன்னிரண்டு. வழிகள் பெருகினால் உராய்வு குறையும் என்று எண்ணத் தோன்றும். நிகழ்வது நேர்மாறானது. பல திசைகளில் ஒருங்கே வழுக்குந் தளங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு உலோகத்தை வன்மைப்படுத்துகின்றன, தொடுமுனைகள் எல்லாப் பக்கமும் பரந்து மெய்த்தொடுபரப்பைப் பெருக்குகின்றன, ஒட்டு இறுகுகின்றது. 1960களில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த உலூயிசு ஆய்வு நிலையத்தில் தொனால்ட் பக்லி என்பார் வெற்றிடத்திற் கொபாற்றின்மேற் கொபாற்றை வழுக்கவிட்டு அளந்தபோது, அறுகோண நிலையில் ஏறத்தாழ 0.35 ஆக இருந்த குணகம், கனவுரு நிலையில் 1ஐத் தாண்டி ஏறியது. தேய்வும் பன்மடங்காயிற்று. முடிவில் இரு துண்டுகளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. இதிலே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு: சூழலின் வெப்பநிலை 420 பாகையை எட்டுமுன்னரே உராய்வு ஏறத் தொடங்கிற்று. வழுக்குதலே தொடுமுனைகளைச் சூடாக்கி அவ்விடத்திற் பளிங்கை முன்கூட்டியே மாற்றிவிட்டது. உராய்வு தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒன்று என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமா? மொலித்தனம் போன்றவற்றைக் கலந்து அறுகோண அமைப்பை உயர் வெப்பநிலையிலும் நிலைநிறுத்த முயன்றமை இக்கண்டறிவின் நேரடிப் பயனே.

ஆயின் அறுகோணம் எல்லாம் நன்மை என்று முடிவுகட்டுதலும் பிழை. தைற்றேனியமும் அறுகோணமே. அதன் சாலகத்தின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 1.587; கோளங்களை மிக நெருக்கமாக அடுக்கினால் வரவேண்டிய விகிதம் 1.633. உயரம் குறுகியமையால் அடித்தளங்கள் எளிதில் வழுக்கா, பக்கத்தளங்கள் வழுக்குகின்றன. தைற்றேனியம் தன்மேல் தான் உராயும்போது பற்றிப் பிய்யும் இயல்பு பொறியியலாளரை வருத்தி வந்திருக்கின்றது. அலுமினியமோ வெள்ளீயமோ சேர்த்து அவ்விகிதத்தை உயர்த்திய கலப்புலோகங்களில் உராய்வு குறைவதைப் பக்லி காட்டினார். ஓர் உலோகத்தின் பெயரும் அன்று, பளிங்கின் பெயரும் அன்று, பளிங்கின் அளவுவிகிதமே வினாவுக்கு விடையாக நிற்கின்றது. தைற்றேனியத்தின் மூலப்பொருளாகிய இல்மனைற்று மணல் புல்மோட்டைக் கடற்கரையிலே குவிந்து கிடக்கின்றது என்பதையும், அம்மணல் பல பத்தாண்டுகளாக மணலாகவே கப்பலேறி வந்தது என்பதையும் இங்கு நினைவுகூரலாம். பளிங்கின் திசைகோளைத் தமிழிற் கற்பித்திருந்தால் அங்கே தைற்றேனிய ஆலை எழுந்திருக்கும் என்று கூறுதல் வீண்பேச்சு. ஆனால், அம்மணலுள் இருப்பது என்ன, அஃது எதனால் அரியது என்பதை அம்மணலின் மேல் நடப்பவருடைய மொழியில் எழுதி வைக்காமைக்கு என்ன காரணம் கூறலாம்?

காரீயத்தின் நிலையும் இதுவே. போகலையிலும் கஹட்டகஹவிலும் அகழப்படும் இலங்கைக் காரீயம் தூய்மையால் உலகப் புகழ் பெற்றது. கரியணுக்கள் தகடு தகடாக அடுக்கப்பட்ட பளிங்கு அது. தகட்டின் வழியே வழுக்கும், குறுக்கே வழுக்காது. வழுக்குதல் தொடங்கியதும் அத்தகடுகள் தாமாகவே பரப்புக்குச் சமாந்தரமாகத் திரும்பிக்கொள்கின்றன. திசைகோள் உராய்வை மாற்றுகின்றது. உராய்வு திசைகோளை மாற்றுகின்றது. இரண்டாம் உலகப்போரின்போது மிக உயரத்திற் பறந்த விமானங்களின் மின்பிறப்பாக்கிகளில் இக்கரித் தூரிகைகள் சில மணி நேரத்திலே பொடியாகின. மேலே காற்றில் ஈரம் இல்லை. ஈரம் இன்றேல் தகட்டு விளிம்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே, பளிங்கமைப்பு ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் நிறுவப்பட்டு 1990இல் நின்றுபோகும் வரை குடாநாட்டின் பெருந்தொழிலாக விளங்கியது. சீமெந்து வேகும் சுழல்சூளைகளின் உள்ளே வெப்பம் 1450 பாகை வரை ஏறும். அச்சூளைகளைத் தாங்கும் பெருவளையங்களுக்கு எண்ணெய் உதவாத இடங்களிற் காரீயக் கட்டிகளால் மசகிடுதல் உலகெங்கும் உள்ள வழக்கம். உயர் வெப்பநிலையில் உராய்வு என்பது யாழ்ப்பாணத்துக்கு அந்நியமான பொருள் என்று சொல்வோர் கீரிமலைக்குப் போகும் வழியிற் கண்ணை மூடிக்கொண்டு சென்றவராதல் வேண்டும்.

தாரைவிமானப் பொறியின் சுழலித்தகடுகளைப் பற்றியும் சுருங்கக் கூறலாம். நிக்கற் கலப்புலோகத்தில் ஒரே பளிங்காக வளர்க்கப்படும் தகடுகள் 1980களின் தொடக்கத்திற் பயணிகள் விமானங்களிற் பறக்கத் தொடங்கின. 2021இல் ஐதராபாத்திலுள்ள இந்தியப் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுகூடம் உலங்குவானூர்திப் பொறிக்கென 60 தனிப்பளிங்குத் தகடுகளை ஆக்கி அளித்தது. தகட்டின் நீளத்துக்கு நேராகப் பளிங்கின் எத்திசை நிற்கவேண்டும் என்பது அங்கே முன்கூட்டியே விதிக்கப்படுகின்றது. தகட்டின் அடி, சில்லின் பள்ளத்திற் பொருந்தி அதிர்ந்து உராயும் இடத்திலும் அத்திசை தன் விளைவைக் காட்டும். எனினும், காற்றிலே சூடாகும் உலோகத்தின்மேல் ஒட்சைட்டுப் படலம் படர்கின்றது. போதிய வெப்பத்தில் அப்படலம் நெருங்கி மெருகேறி உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்துவிடின், உராய்வு குறைந்து பளிங்கின் குரல் அடங்குகின்றது. படலம் கிழியும்போது மறுபடியும் கேட்கின்றது. அப்படலம் வளரும் வேகமும் அடியிலுள்ள பளிங்குமுகத்தைப் பொறுத்து மாறுபடும் என்பது மேலுமொரு சிக்கல். எனவே வெற்றிடத்தில் அளந்த எண்ணைக் காற்றிலே இயங்கும் பொறிக்கு அப்படியே எடுத்துச் செல்லலாகாது. விண்வெளிக்குச் செல்லும் பொறிக்கு எடுத்துச் செல்லலாம். நாசா அளந்ததும் அதற்காகவே.

இவ்வளவையும் தமிழ் தாங்கியதா, இல்லையா? பளிங்கு, சாலகம், தளம், குணகம், கலப்புலோகம், வழுக்கல், திசைகோள் ஆகியவை புதிதாக இன்று உருவாக்கப்பட்டவை அல்ல. அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 1960களிலும் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அச்சொற்களிற் பெரும்பாலானவை இன்றும் இலங்கைப் பாடசாலைகளில் உயிருடன் உள்ளன. கொபாற்றும் நிக்கலும் தைற்றேனியமும் தமிழல்ல என்று ஒருவர் குறைகூறுவாராயின், அவை ஆங்கிலமும் அல்ல என்பதை அவருக்கு நினைவூட்டலாம். கொபாற்று செருமானியச் சுரங்கத் தொழிலாளரின் குறளிப் பேய். தைற்றேனியம் கிரேக்கரின் அரக்கர் பெயர். ஆங்கிலம் கடன் வாங்கியபோது நாணவில்லை.

பழுது சொல்லில் இல்லை. கற்பிக்கும் ஒழுங்கிலே உள்ளது. விதி எதுவோ அதனை மாணவன் தமிழிற் கற்கின்றான். அவ்விதி எங்கே முறிகின்றது, ஏன் முறிகின்றது, அதை யார் எவ்வாறு கண்டனர் என்பதை, பல்கலைக்கழகம் புகுந்த பின்னர், அரைகுறையாகப் புரியும் ஆங்கிலத்திற் கற்கின்றான். பொறியியற் பீடத்திலும் மருத்துவ பீடத்திலும் விஞ்ஞான பீடத்திலும் அதுவே நிலை. விதி தமிழில், விலக்கு ஆங்கிலத்தில். இதன் விளைவு மொழிப் பற்றாளர் அஞ்சுவதிலும் கொடியது. தமிழ் என்பது முடிந்த விடைகளின் மொழி, ஐயமும் வினாவும் வேறொரு மொழிக்கு உரியவை என்று அவன் உள்ளம் தன்னையறியாமலே வகுத்துக்கொள்கின்றது. பின்னர் அவனே விரிவுரையாளனாகி, "தமிழில் ஆழ்ந்து சிந்திக்க முடியாது" என்று சான்று பகர்கின்றான். அவனைப் பொறுத்தவரை அது மெய்யே. அவனுக்கு அவ்வாய்ப்பை எவரும் அளிக்கவில்லை.

தமிழ்க் கல்வி மரபு இவ்வாறு இருந்ததில்லை என்பதே இதில் வியப்பு. தமிழ் இலக்கணநூலார் விதி கூறி விலகிச் செல்வோர் அல்லர். விதியுள் அடங்காதனவற்றைத் தழுவுதற்குப் புறனடை என்றொரு சூத்திர வகையே வகுத்தனர். தொல்காப்பியத்திலும் உண்டு, நன்னூலிலும் உண்டு. நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்து பதிப்பித்த நல்லூர் ஆறுமுக நாவலரின் வழியிலே பயின்ற மாணவன், சூத்திரத்தையும் புறனடையையும் ஒரே ஆசிரியரிடம், ஒரே நூலில், ஒரே மொழியிற் கற்றான். புணர்ச்சி விதிக்குப் புறனடை கூறிய சமூகம் உராய்வு விதிக்குப் புறனடை கூற நாணுவது ஏன்?

இங்கே மானிப்பாயை நினைவுகூர்தல் பொருந்தும். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சமுவேல் பிசுக் கிறீன், தம் மாணவருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்கத் துணிந்தார். அங்காதிபாதமும் இரணவைத்தியமும் தமிழில் நூலாயின. 1875இல் 'கெமிஸ்தம்' வெளிவந்தது. அப்பெயரே அவர் வழியின் இயல்பைக் காட்டும். தமிழ்ச்சொல் கிடைத்தவிடத்துத் தமிழ்ச்சொல். கிடையாதவிடத்துப் பிறசொல்லுக்குத் தமிழ் உடை. கிறீனின் நோக்கத்தில் மதப்பணி கலந்திருந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், தமிழறியாத குடும்பத்திற் பிறந்து தமிழைக் கற்று வந்த ஒருவர், அன்றைய மேலைநாட்டு மருத்துவப் பாடநூல்களையே தமிழாக்கினார். எளிமைப்படுத்திய சிறுவர் பாடத்தை மாத்திரம் தமிழாக்கி, ஏனையவற்றை ஆங்கிலத்துக்கு ஒதுக்கவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இப்போது கூறும் காரணம் ஒவ்வொன்றையும் அவர் அன்று கூறியிருக்கலாம்.

மறுப்புகளைப் புறக்கணித்தல் முறையன்று. ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்திலே வெளிவருகின்றன, ஆகவே ஆய்வாளனுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பர். வேண்டும், மறுப்பார் இல்லை. ஆங்கிலம் வேண்டும் என்பதிலிருந்து தமிழ் வேண்டா என்பது எவ்வாறு பெறப்படும்? வாசகர் சிலரே என்பர். 1970களில் வெளிவந்த 'ஊற்று' முதலிய அறிவியல் இதழ்களுக்கும் வாசகர் சிலரே. அச்சிலரே பின்னர் ஆசிரியராயினர். தமிழகத்தார் படிகம் என்பதை இலங்கையார் பளிங்கு என்கின்றனர், இக்குழப்பத்தில் எவ்வாறு எழுதுவது என்று கேட்பாரும் உளர். பளிங்கு என்றதும் தமிழக மாணவன் ஆக்ராவின் வெண்கல்லை நினைப்பான் என்பது உண்மையே. அடிக்குறிப்பு ஒன்றினால் தீரும் இடரைப் பெருமலையாக்கிக் காட்டுவது எழுதாதிருப்பதற்குத் தேடிய சாக்கு.

இவற்றுள் வலிமை மிக்க மறுப்பு வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995இல் குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். போர் தின்ற ஆண்டுகளில் உராய்வைப் பற்றி எவர் எழுதுவார் என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால், போர் முடிந்த 2009இன் பின்னரும் அதே விடை கூறப்படுகின்றது. எரிந்த நூல்களுக்கு எரித்தோர் பொறுப்பாவர். எழுதப்படாத நூல்களுக்கு அவர்களைப் பொறுப்பாக்குதல் இயலாது.

மறுபுறத்தாரையும் விட்டுவிடலாகாது. பளிங்கின் இயல்பையும் உலோகத்தின் மறையையும் சித்தர்கள் அன்றே கண்டனர் என்று முழங்கி, அத்துடன் அமர்ந்துவிடும் தமிழ்ப் பற்றாளர், மேற்கூறிய ஆங்கிலப் பற்றாளருக்கு உற்ற துணைவர். முன்னவர் எல்லாம் தமிழில் உண்டு என்பதால் எழுதார். பின்னவர் எதுவும் தமிழில் இயலாது என்பதால் எழுதார். இன்னொரு சாரார் சொற்களை மாத்திரம் ஆக்குகின்றனர். ஒரு சொல்லுக்கு மூன்று மாற்றுச்சொல் முன்மொழிந்து, அவற்றுள் எது தூயது என்று பத்தாண்டு வாதிட்டு, அச்சொல்லைக் கொண்டு ஒரு பந்தியும் எழுதாது ஓய்வு பெறுகின்றனர். கொபாற்றின் உராய்வை விளக்கும் பந்தி ஒன்று, அகராதிப் பக்கம் நூற்றினும் மேலானது.

எழுதப்படாமற்போனவற்றுள் ஒன்றை மாத்திரம் குறிப்பிடல் வேண்டும். 1990களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது குடாநாட்டு வீதிகளிற் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அதற்கென ஆக்கப்படாத பொறிகளில் அவ்வெரிபொருள் கரியைப் படியவைத்தது, மசகெண்ணெயோ அரிது. வால்வும் அது சென்றமரும் வளையமும், ஆடுதண்டும் உருளையும் சூட்டிலே ஒன்றையொன்று தின்றன. அவற்றைத் திறந்து, பார்த்து, தேய்த்து, மறுபடியும் ஓடவைத்த தொழிலாளர் பலர். எந்த உலோகம் எந்தச் சூட்டில் எதனைப் பற்றும் என்பதை அவர்கள் விரல் அறிந்திருந்தது. அவ்வறிவு பரீட்சைக்கு உரிய பொருளாகக் கருதப்படவில்லை. அவர்கள் பேசிய தமிழுக்கும் பல்கலைக்கழகம் பேசிய ஆங்கிலத்துக்கும் இடையில் எழுதப்பட்டிருக்க வேண்டிய நூல் எழுதப்படவில்லை.

செய்யத்தக்கது பெரிதன்று. உயர்தர மாணவன் சாய்தளத்தில் உராய்வுக் கோணம் அளக்கும் செய்முறையை எல்லாப் பாடசாலைகளும் அறியும். அச்சாய்தளமாகப் பனஞ்சட்டம் ஒன்றை வைக்கலாம். பனையின் கரிய வைர நார்கள் நீளவாட்டில் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அதே பலகையில் நார்வழியே ஒரு தடவையும் நார்க்குறுக்கே ஒரு தடவையும் மரக்கட்டையை வழுக்கவிட்டுக் கோணங்களை அளந்தால், ஒரே சோடிப் பரப்புகளுக்கு இரண்டு எண்கள் வரக்கூடும். இரண்டும் வேறுபட்டால் ஆசிரியர் அன்றே, அவ்விடத்திலே, அதே மொழியிற் கொபாற்றைப் பற்றிப் பேச வாயில் திறக்கின்றது. பேசுவதற்கு அவருக்கு ஒரு பத்துப் பக்கத் தமிழ்க் கட்டுரை வேண்டும். அதை எழுதும் கடமை பல்கலைக்கழக விரிவுரையாளருடையது. அவ்வளவுக்கும் பின்னர், பரீட்சையில் "குணகம் 0.4 எனக் கொள்க" என்னும் வினாவைக் கண்ட மாணவன், "எத்திசையில்?" என்று விடைத்தாளின் ஓரத்தில் எழுதிவைப்பானாயின், அவனுக்குப் புள்ளி வழங்குவதா, குறைப்பதா என்பதைப் புள்ளித்திட்டம் வகுப்போர் இப்போதே தீர்மானித்துக்கொள்வது நன்று.